முன்வரிசையில் பதினாலு கம்பி

டிவி கேம் கேசட்டை ஏழாவது தடவையாகச் சொருகிச் சுவிட்சைத் தள்ளினபோதும் டிவி அதே சாம்பல் நிறத்தைத்தான் காட்டியது, ஆனாலும் நயினாருக்குக் கோபம் வரவில்லை, வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஃபேனுக்கு நேர் கீழே சாரத்தை மடித்துக் கட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டு, ஓடாத ஒன்றை ஓட வைத்துப் பார்க்கிறதைவிட ஒரு மனுஷனுக்கு வேறு என்ன சுகம் வேண்டிக்கிடக்கிறது. அடுக்களையில் மனைவி உலகம்மாள் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிகிற வாசனை. எதிர்வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம். மேஜைமேல் ஒரு ரிட்டயர்டு வாத்தியாருடைய மேல்வரிசைப் பல்செட் ரோஸ் மெழுகில் பாதி முடிந்து சிரித்துக்கொண்டிருக்கிறது, அது திங்கட்கிழமைக்குத்தான், இன்றைக்கு அவர் சிரிக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் பல் டாக்டர்களுக்கு வேண்டிய பல்செட்டுகளைச் செய்துகொடுக்கிற ஆறுமுகநயினாருக்கு நாற்பத்தைந்து வயது. கை நடுங்காது, கண்ணும் இன்னும் கெட்டுப்போகவில்லை, பொறுமை ஏகத்துக்கும் உண்டு, அதில் ஒரு பெருமையும் உண்டு. முப்பத்தொரு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒரு டிவி கேமைத் திறக்க வைக்க முடியாதா என்ன, ஊரில் எத்தனை வாயைத் திறக்க வைத்திருக்கிறோம் என்று நினைத்து, தானே சொன்ன பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டான். பக்கத்தில் சிரிக்க யாரும் இல்லாததால் சிரிப்பு கொஞ்ச நேரம் கூடவே நீடித்தது.

அது கிடைத்ததே போன வாரம்தான், உலகு பெரிய உருளியை லாஃப்டிலிருந்து இறக்கச் சொன்னபோது அதற்குப் பின்னால் ரெக்சின் பைக்குள் இருந்தது, சிவப்பும் வெள்ளையுமான பெட்டி, வெள்ளை இப்போது பீங்கான் கோப்பையில் டீக்கறை படிந்த நிறம். பார்த்ததும் வாய் சும்மா இருக்குமா, தூத்துக்குடியில் இருக்கிற தங்கச்சிக்குப் போன் போட்டுவிட்டான். “ஏட்டி வடிவு, நம்ம டிவி கேம் கெடச்சிருக்கு.” அந்தப் பக்கம் சிரிப்பு, “அதை ஏன்ணே வெளிய எடுத்த, நான் வேற ஞாயித்துக்கெழம அங்க வாரேன், பக்கத்துல வந்தாலே வெடிச்சிரப் போவுது.” இவனும் சிரித்தான். சிரித்துவிட்டு, உத்தியோகமெல்லாம் எப்படி என்று கேட்டான், கேட்டிருக்க வேண்டாம். வடிவு அங்கே நூலகத்தில் வேலை பார்க்கிறாள், பதினாறு வருஷமாகப் பேப்பர் படிக்கிற பகுதிதான், பேப்பரை அடுக்குவாள், பைண்டு பண்ண அனுப்புவாள். இப்போது புதிதாக இருபது கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருக்கிறதாம், அந்தப் பிரிவுக்கு அவளைப் பொறுப்பாகப் போகச் சொல்கிறார்களாம், பதவி உயர்வோடு. “அடி சக்கை, பொறவு என்ன?” என்றான். “என்னது பொறவு என்ன, முடியாதுன்னு எழுதிக் குடுக்கப் போறேன், திங்கக்கிழம கடைசி நாளு. நான் தொட்டா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியாதா, வடிவு தொட்டாச்சா, வெளங்கிரும்!” என்று சொல்லி அவளே இன்னொரு தடவை சிரித்தாள். இந்தத் தடவை இவனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்று அப்போது யோசிக்கவில்லை. குளிக்கப் போய்விட்டான்.

சரி, கேசட். முதலில் கேசட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும், எந்தக் கோளாறுக்கும் முதலில் வெளியூர்க்காரனைச் சந்தேகப்படுகிற மாதிரி. திருப்பிப் பார்த்தான், அடிவாயில் தங்கநிறக் கோடுகள், முன்பக்கம் முப்பது, பின்பக்கம் முப்பது. அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தான், காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் முக்கித் துடைத்தான், பஞ்சு கருத்தது, இன்னொன்று, அதுவும் கருத்தது, நாலாவது வெள்ளையாகவே வந்தது. இப்போது கோடுகள் புதுத்தாலி மாதிரி மின்னின. சொருகினான், எட்டாவது தடவை, சாம்பல். ஊதிப் பார்க்கலாமா என்று வாயருகே கொண்டுபோன கை பாதியில் நின்றது. அந்தக் காலத்தில் எல்லாரும் ஊதினார்கள். கேம் எடுக்கவில்லை என்றால் கேசட்டை உருவி, புல்லாங்குழல் மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஃபூ என்று ஒரு ஊது, மறுபடி சொருகினால் எடுத்துவிடும். அவரவருக்கு ஒரு தினுசு ஊதல் இருந்தது, பத்து வயசு வடிவுடையது மூன்று ஊது, சின்னச்சின்னதாக, கண்ணை மூடிக்கொண்டு. செங்கல் சுவரை இடித்துக்கொண்டு டாங்கி போகிற கேம் அது, அதில் முப்பத்தெட்டாவது கட்டம் வரைக்கும் அவள் போயிருந்தாள், பதினாலு வயசு அண்ணன் இருபத்தொன்றைத் தாண்டினதில்லை. அப்புறம் ஒருநாள் சாம்பல். அப்பா ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினதும் கேட்டார், யாரு கெடுத்தது. நயினார் சொன்னான், இவ ஊதுறாப்பா, எச்சி பட்டு உள்ள துரு ஏறிட்டு. அப்பா எடை அளவு இன்ஸ்பெக்டர், கடைகடையாகப் போய்த் தராசைச் சோதிக்கிறவர், ரெண்டு தட்டிலும் சமமாக வைத்துப் பார்க்காமல் முத்திரை குத்தவே மாட்டார். வீட்டில் மட்டும் ஒரு தட்டைப் பார்த்ததோடு சரி. வடிவுக்குப் புறங்கையில் ஸ்கேலால் ரெண்டு.

அடியைச் சொல்லவில்லை, அடி எந்த வீட்டில்தான் இல்லை, அன்றைக்கே மறந்திருப்பாள். அதற்குப் பிறகு வந்ததுதான். மிக்ஸி புகைந்தது, வடிவு தொட்டியா? ஆமா. வெளங்கிரும். ரேடியோ கரகரத்தது, வடிவு பக்கத்தில் போனியா, வெளங்கிரும். சித்தப்பா, சித்தி, பக்கத்து வீட்டு மாமி, எல்லார் வாயிலும் ஏறிவிட்டது, கல்யாண வீட்டில் மைக் மக்கர் பண்ணினால்கூட வடிவு எங்கே என்று தேடி ஒரு சிரிப்பு. யாரும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, அதுதான் சங்கடம், கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். பத்தாவது முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேரணும் என்று கேட்டாள், தயங்கித் தயங்கி, சோறு பரிமாறுகிற சாக்கில் கேட்டாள். அப்பா ரசத்தைக் குடித்துவிட்டு, நீ எலக்ட்ரானிக்ஸா, ஊரே இருண்டுரும்மா என்றார், அன்பாகத்தான் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், அவளும். வரலாறு படித்தாள். ஸ்கூட்டர் பழகவில்லை. இன்றைக்கும் ஏடிஎம்மில் அவள் புருஷன்தான் எண்ணை அமுக்குவார், இவள் ஒரு அடி தள்ளி நின்று பையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அட, இதை எல்லாம் எதற்கு இப்போது இழுத்துப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக. கேசட் சுத்தம், அடாப்டர் புதிது, அப்படியானால் கோளாறு பெட்டிக்குள்ளே. நயினார் பெட்டியைக் கவிழ்த்தான், அடியில் நாலு திருகு, அதில் ஒன்று வழுக்கினது, ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருகினதும் வந்துவிட்டது. என்ன ஒரு திருப்தி.

உள்ளே தூசி, ஒரு பல்லி முட்டையின் ஓடு, பச்சைப் பலகை, நடுவில் கறுப்பு வாய். அந்த வாய்க்குள்தான் கேசட் போய் உட்காரும். ரெண்டு வரிசைத் தாமிரக் கம்பிகள், எதிரும் புதிருமாக, வரிசைக்கு முப்பது, ஒவ்வொரு கம்பியும் கேசட்டின் ஒவ்வொரு கோட்டைத் தொட வேண்டும், ஒன்று தொடாவிட்டாலும் படம் வராது. டார்ச்சை அடித்துப் பார்த்தான். துரு என்றால் பச்சை பூத்திருக்க வேண்டும், பச்சை இல்லை. எச்சில் பட்டது என்றால் கறுப்பாவது இருக்க வேண்டும், அதுவும் இல்லை. தூசியைத் தட்டிவிட்டால் அன்றைக்குக் கடையிலிருந்து வந்த மாதிரி சுத்தம். நயினார் டார்ச்சை அணைத்தான், மறுபடி போட்டான், டார்ச்சின் மேல் பழியைப் போட முடியுமா என்று பார்க்கிறவன்போல. பிறகு அவன் தொழில்புத்தி ஒன்று சொன்னது. பல்செட் மாட்டினதும் டாக்டர்கள் ஒரு நீலத் தாளை வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள், எந்தப் பல் முட்டுகிறதோ அதில் நீலம் ஒட்டும், முட்டாத பல் வெள்ளையாக நிற்கும். மேஜை இழுப்பில் அந்தத் தாள் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டு கிழித்துக் கேசட்டின் வாயைச் சுற்றிப் போர்த்தி, மெல்ல உள்ளே இறக்கி, மெல்ல உருவினான். கடிச்சுப் பாருங்க, மெதுவா கடிங்க, அம்புட்டுத்தான். பின்பக்கம் முப்பது நீலப்பொட்டு, அழகாக. முன்பக்கம் எட்டுப் பொட்டு, பிறகு ஒரு வெறுமை, பிறகு எட்டுப் பொட்டு. எண்ணினான். ஒன்பதிலிருந்து இருபத்திரண்டு வரை, பதினாலு கம்பி தொடவே இல்லை. மறுபடி டார்ச். ஆமாம், அந்தப் பதினாலும் மட்டும் பின்னால் சாய்ந்து சுவரோடு சுவராகப் படுத்திருந்தன, யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்கினதுபோல. கட்டைவிரல் இல்லை. ரெண்டு விரல் அகலம். சோப்பு டப்பா அட்டை.

தாகமாக இருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான். உலகு, “என்னங்க, எடுக்கா?” என்றாள். “பாக்கேன், பாக்கேன்” என்றான். வந்து உட்கார்ந்தான். சோப்பு டப்பா அட்டையை நாலாக மடித்தால் நல்ல கனம் வரும். இருபத்தொன்றாவது கட்டத்தைத் தாண்ட முடியாத எரிச்சலில், கேசட் அடிக்கடி ஆடி நின்றுபோகிறது, அதனால்தான் தோற்கிறோம், இல்லையென்றால் நாம் என்ன வடிவுக்கு இளைத்தவனா என்று, கேசட்டுக்கும் பெட்டிக்கும் இடையில் அந்த அட்டையைச் சொருகினான். பேஷாக ஓடிற்று. ஒரு மாதம் ஓடிற்று. அட்டை கேசட்டை ஒரே பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து, முன்வரிசை நசுங்கி நசுங்கி, ஒருநாள் நிமிரவே இல்லை. அவ்வளவுதான் விஷயம். பதினாலு வயசுப் பையனுக்குக் கம்பியைப் பற்றி என்ன தெரியும், எச்சில்தான் என்று நிஜமாகவே நம்பினான், எச்சில் பட்டால் துரு ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் எவனோ சொன்னான், ஆகவே தப்பு இல்லை, தெரியாமல் சொன்னது, தெரியாமல் சொன்னதற்கு என்ன செய்ய முடியும். இப்படி ஒரு சுற்றுச் சுற்றி வந்து மனசு ஓரிடத்தில் முள்ளில் சேலை மாட்டினது மாதிரி மாட்டிக்கொண்டது. அட்டையை எப்போது எடுத்தான்? அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டது, வாசலில் ஸ்டாண்டு போட்டார், அந்த நேரத்துக்குள் அட்டையை உருவி, நாலு மடிப்பையும் பிரித்து, ஜன்னல் வழியாகச் சாக்கடையில் போட்டான். தெரியாதென்றால் ஏன் உருவினாய்? சும்மா உருவினேன். சும்மா உருவினதை ஏன் சாக்கடையில் போட்டாய்? அந்த இடத்தில் நிற்க முடியாமல் மனசு வாத்தியாரின் பல்செட்டுக்குப் போயிற்று, கடைவாய்ப் பல் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளணும், அங்கிருந்து சொதிக்குப் போயிற்று, முருங்கைக்காய் போட்டிருப்பாளா, அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் சைக்கிள் ஸ்டாண்டு சத்தத்தில் வந்து முட்டியது.

பல்லைக் குத்திப் பார்க்கிற வளைந்த ஊசியை எடுத்தான். இதற்கென்றே செய்தது மாதிரி இருந்தது அது. ஒன்பதாவது கம்பியின் அடியில் முனையைக் கொடுத்து, மயிரிழை அளவுக்கு நெம்பினான், கம்பி நிமிர்ந்தது, கையில் தெரிந்தது அந்த நிமிர்வு, மாட்டுக்கன்று எழுந்திருக்கிற மாதிரி ஒரு சின்ன உதறல். பத்து. பதினொன்று. ரொம்ப நெம்பினால் ஒடியும், குறைவாக நெம்பினால் தொடாது. இந்த வேலையில் ஒரு தாளம் இருக்கிறது, மூச்சை விடு, முனையைக் கொடு, நெம்பு, மூச்சை இழு. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு லேசானது, கை வேலை செய்கிறபோது மனசு எப்போதும் இவனிடம் அடங்கிப்போகும், அதனால்தான் இந்தத் தொழிலுக்கே வந்தான். பன்னிரண்டாவது கம்பியில் இருக்கும்போது போன் அடித்தது, வடிவு. “அண்ணே, பஸ்ஸு வல்லநாடு தாண்டிட்டு. மைனிகிட்ட இஞ்சித் தொவையலுக்குக் காரம் கொறச்சு வைக்கச் சொல்லு.” போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே நெம்பிவிட்டான், கொஞ்சம் கூடிப்போனது போலத் தெரிந்தது, பரவாயில்லை, பதின்மூன்று. “டிவி கேம் என்னாச்சு?” “வா வா, வந்து பாரு.” போனை வைத்தான். எழுதிக் கொடுக்கப் போகிறாள், நாளைக்கு. முடியாது என்று. அவளுக்கு முடியும். முப்பத்தெட்டாவது கட்டம் வரை போனவளுக்கு இருபது கம்ப்யூட்டர் ஒரு பொருட்டா. பதினாலு, பதினைந்து.

உலகம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். இவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, இருபத்தொன்றாவது கம்பியில் ஊசியை நிறுத்திவிட்டுச் சொல்லிவிட்டான், அட்டை, சைக்கிள், சாக்கடை, எல்லாம். அவள் முழுசும் கேட்டாள். அவளுக்கும் இருபது வருஷமாக அந்தப் பேச்சு பழக்கம், கிரைண்டர் நின்றுபோனால் அவளும் சொல்கிறதுதான். “அடப் பாவி மனுஷா” என்று தலையில் கைவைத்தாள். பிறகு, “அவகிட்ட சொல்லப் போறீங்களா?” என்றாள். “அதான் யோசிக்கேன். கேம் ஓடிட்டுன்னா அவ சந்தோசமா வெளையாடுவா. சாப்பிட வாரவகிட்ட எதுக்குப் பழசை எல்லாம்.” உலகு அந்தப் பெட்டியைப் பார்த்தாள். “மாமா இருந்திருந்தா முதல்ல அவுக காதுல போட்டிருக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடினாள். அப்பா போய் ஆறு வருஷம். இனி அந்தத் தராசு இல்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு ஆளுக்குத்தான், அந்த ஆள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். இருபத்திரண்டு.

கேசட்டில் ஒட்டின நீலத்தைத் துடைத்து, பெட்டியை மூடாமலே சொருகி, சுவிட்சைத் தள்ளினான். சாம்பல் ஒரு துடி துடித்தது, கறுப்பானது, பிறகு டொய்ங் என்று ஒரு சத்தத்தோடு செங்கல் சுவர், செங்கல் சுவர், மஞ்சள் டாங்கி! “ஏ உலகு!” என்று கத்தினான். அவள் கரண்டியோடு ஓடி வந்தாள், ரெண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அம்மாடி, இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்த டாங்கிக்கு என்ன ஒரு அலட்டல், முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டு. நயினாருக்குக் கண் கலங்கினது, சந்தோஷத்தில்தான், அதில் என்ன வெட்கம். உருவி மறுபடி சொருகினான், எடுத்தது. மறுபடி, எடுத்தது. நாலாவது தடவை எடுத்தது. ஐந்தாவது தடவை சாம்பல். லேசாகத் தட்டினான், எடுத்தது. அப்படியானால் ஐந்தில் ஒன்று கைவிடும், பழைய சாமான் அப்படித்தான். இப்படியே விட்டுவிடுவது நல்லது. ஓடிக்கொண்டே இருக்கட்டும், அவள் வந்ததும் கேம் ரிமோட்டை மட்டும் கையில் கொடுத்தால் போதும், கேசட்டைத் தொடவே வேண்டாம், அவளும் தொட விரும்ப மாட்டாள், சொதி, சிரிப்பு, நாலு கட்டம் விளையாட்டு, சாயங்காலம் பஸ். நாளைக்கு எழுதிக் கொடுப்பாள். எவ்வளவு சுகமாக முடிந்துவிடும் இந்த ஞாயிற்றுக்கிழமை. நயினார் சுவரில் சாய்ந்து அந்தச் சுகத்தைக் கொஞ்ச நேரம் அனுபவித்தான், டாங்கி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. கேமின் பாட்டு திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து சேர்ந்தது. பிறகு எட்டிச் சுவிட்சை அணைத்து, கேசட்டை உருவி, தரையில் வைத்தான். அவளே சொருகட்டும். அவள் சொருகி, அந்த ஐந்தில் ஒன்று வந்து தொலைத்தால்?

ஒன்றரை மணிக்கு வடிவு வந்தாள், முகத்தைக் கழுவிக்கொண்டு, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். “அய்யே, அதேதான்!” என்று கையைத் தட்டினாள், தட்டின கையை உடனே பின்னால் கட்டிக்கொண்டாள். கடை அலமாரிக் கண்ணாடியைப் பார்க்கிற பிள்ளை மாதிரி குனிந்து, தொடாமல் பார்த்தாள். நாற்பத்தொரு வயசு, காதோரம் நரை. “போடுண்ணே, பாப்போம்.” நயினார் கேசட்டை நீட்டினான். “நீ போடு.” “ஆத்தாடி, நான் மாட்டேன். கஷ்டப்பட்டு ரிப்பேர் பண்ணி வச்சிருக்க, நான் தொட்டா...” “வடிவு” என்றான், “நீ கெடுக்கல. நான்தான் கெடுத்தேன். இதுல ஒரு அட்டையைச் சொருகி வச்சிருந்தேன். அதான் கம்பியை நசுக்கிட்டு. இன்னைக்குத் தொறந்து பாத்தேன், உள்ள எச்சியும் இல்ல, துருவும் இல்ல.” அவள் சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் விட்டாள். “அட்டையா? நான் பாத்ததே இல்லியே.” “அப்பா வாரதுக்குள்ள உருவிட்டேன்.” “ஏன் உருவுன?” அதே கேள்விதான், காலையிலிருந்து இவனைச் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி, இப்போது வடிவின் குரலில். தெரியாது, சும்மா, சின்னப் பிள்ளை என்று மூன்று பதிலும் நாக்கு வரைக்கும் வந்தன. “பயம்” என்றான். “தெரிஞ்சுதான் உருவுனேன். அடி விழும்னு பயம்.” அவள் தன் புறங்கையைப் பார்த்தாள், பிறகு இவனைப் பார்த்தாள். “எனக்கு பாலிடெக்னிக்கு கேக்கும்போதாவது சொல்லியிருக்கலாம்லாண்ணே” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. குரல் உயரவே இல்லை. நயினாருக்குத் தரையைப் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. “சொல்லியிருக்கணும்” என்றான். “எம்மேல தப்புடி.”

வடிவு அவன் கையிலிருந்த கேசட்டை வெடுக்கென்று வாங்கினாள். பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொருகி, சுவிட்சைத் தள்ளினாள். சாம்பல். நிலையில் நின்ற உலகம்மாளின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது, “வெள...” என்று வந்ததை அப்படியே நாக்கைக் கடித்து விழுங்கினாள். நயினார், லேசாத் தட்டினா எடுக்கும், அஞ்சுல ஒண்ணு இப்படி ஆகும் என்று என்னென்னமோ உளறினான். வடிவு எழுந்திருக்கவில்லை. கையைப் பின்னால் கட்டவில்லை. சுவிட்சை அணைத்து, கேசட்டை உருவி, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அந்தக் கறுப்பு வாய்க்குள் குனிந்தாள். “தள்ளுண்ணே, வெளிச்சத்தை மறைக்கிற. டார்ச் எங்க?” எடுத்துக் கொடுத்தான். “நீ பிடி.” பிடித்தான். தரையில் கிடந்த வளைந்த ஊசியைப் பார்த்து, “இதை வச்சுத்தான் நெம்புனியா?” என்றாள், பதிலுக்குக் காத்திருக்காமல் எடுத்துக்கொண்டாள்.

“சாப்பாடு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க” என்றாள் உலகு. “இருங்க மைனி, கை வேலையா இருக்கேன்” என்றாள் வடிவு. இவன் அவள் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒவ்வொரு கம்பியாக எண்ணிக்கொண்டு போனாள், உதடு அசைந்தது, கண்ணை இடுக்கினாள். “இருவது கம்ப்யூட்டர்லயும் எவன் எவன் என்னத்தச் சொருகி வச்சிருக்கானோ” என்று வாய்க்குள்ளேயே முனகினாள், “எல்லாத்தையும் இனி நான்தான் தொறந்து பாக்கணும், தலையெழுத்து.” ஊசி ஓரிடத்தில் நின்றது. “இந்தா, முன்வரிசையில பன்னெண்டாவது. மத்ததைவிட எந்திரிச்சு நிக்கி, பக்கத்துக் கம்பியில முட்டிட்டுக் கெடக்கு. இது யாரு பாத்த வேல?”

“நான்தான்” என்றான் நயினார், அவள் கேட்டு முடிப்பதற்குள்ளாகவே.

“டார்ச்சை ஆட்டாமப் பிடி” என்றாள் வடிவு.